போக்சோ வழக்கில் ஆதரவு நபராக வேலை செய்வது எப்படி: நியமனம் முதல் தீர்ப்புக்குப் பிறகு வரை

ஒரு போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு, பதிவானதுமே அந்தக் குழந்தையைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். இன்ஸ்பெக்டர், டாக்டர், மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு, அரசு வழக்கறிஞர் என்று எல்லாருக்கும் குழந்தையிடமிருந்து ஏதாவது ஒன்று வேண்டும். வாக்குமூலம், சாம்பிள், கையெழுத்து, சாட்சியம். குழந்தையிடம் எதையும் கேட்காமல் குழந்தைக்காக மட்டும் இருக்கச் சொல்லி சட்டம் அனுப்பும் ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் ஆதரவு நபர். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் சப்போர்ட் பெர்சன் என்றே சொல்வார்கள். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது, 2020 மார்ச்சில் வந்த புதிய விதிகள் இந்த வேலையை விரிவாக வரையறுத்தன, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது. அப்படியும் பல குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் கிடைப்பார் என்பதே தெரியாது.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதுகிறேன்.

உள்ளே வருவது எப்படி

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அதாவது டி.சி.பி.யூ, இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்பு ஆசிரியர்கள், ஆதரவு நபர்கள் எல்லாருடைய பெயர், முகவரி, தொடர்பு விவரங்களோடு ஒரு பதிவேடு வைத்திருப்பது அவர்கள் கடமை. அதில் உங்கள் பெயர் ஏற வேண்டும். குழந்தை உரிமை, குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றில் வேலை செய்யும் தனிநபரோ அமைப்போ ஆதரவு நபராக இருக்கலாம், குழந்தை தங்கியிருக்கும் காப்பகத்தின் அலுவலரோ டி.சி.பி.யூ பணியாளரோ கூட இருக்கலாம். சமூகப் பணி, உளவியல் மாதிரி படிப்பு இருந்தால் நல்லது. களத்தில் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு.

ஊதியம் பற்றி முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பயிற்சி பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்று மட்டும்தான் விதிகள் சொல்கின்றன. வழக்கோ வருஷக்கணக்கில் போகும். அதனால் ஆரம்பத்தில் இதை மட்டுமே நம்பி வேறு வருமானத்தை விட்டுவிடாதீர்கள். பாதி வழியில் நீங்கள் போய்விட்டால் அந்தக் குழந்தை இன்னொரு புது முகத்துக்குப் பழக வேண்டியிருக்கும்.

நியமன உத்தரவு வந்த அன்று

போலீஸ் தகவல் அறிந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் சம்மதத்தோடும் பெற்றோர் சம்மதத்தோடும் குழு உங்களை நியமிக்கும். அதை மறு 24 மணி நேரத்துக்குள் போலீஸ் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும். இந்தக் கடிதம் போனதா என்று கோர்ட் டியூட்டி காவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போகாவிட்டால் ஆறு மாதம் கழித்து கோர்ட் வாசலில், “நீங்க யாரு, சொந்தமா?” என்று உங்களை நிறுத்திவைப்பார்கள்.

எஃப்.ஐ.ஆர் நகல் குடும்பத்தின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இலவசமாகவே கொடுக்கப்பட வேண்டும். அப்புறம் படிவம் ‘ஏ’ என்று ஒன்று உண்டு. குழந்தைக்கு என்னென்ன தகவலும் சேவையும் கிடைக்க வேண்டும் என்ற பட்டியல் அது, போலீஸ்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கி, குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். படிக்காத அம்மாவாக இருந்தால் இரண்டு முறை.

அடுத்தது வயதுச் சான்று. நிறையப் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது. குழந்தை 18 வயதுக்கு உட்பட்டது என்று நிரூபிப்பதில்தான் முழு வழக்கும் நிற்கிறது. 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் வயதுக்கு ஆதாரமாகப் போதாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. உள்ளாட்சியில் பிறப்புச் சான்றிதழ் எடுக்க குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே உதவுங்கள். பெயர் சேர்க்காத சான்றிதழ், எழுத்து மாறிய அப்பா பெயர் எல்லாம் சரி செய்ய மாதக்கணக்கில் இழுக்கும்.

முதல் சந்திப்பு

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். நீங்கள் போவதற்குள் அந்தப் பிள்ளை அம்மாவிடம், டீச்சரிடம், போலீஸிடம் சொல்லி முடித்திருக்கும். இன்னும் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் கடைசியில் நீதிபதியிடமும் சொல்ல வேண்டும். உங்கள் வேலைக்கு அந்த விவரம் தேவையே இல்லை.

சட்ட ரீதியாகவும் இதற்குக் காரணம் இருக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு உங்களிடம் குழந்தை சொல்வதற்கு இல்லை. நீங்கள் குறித்து வைத்த நோட்டை எதிர்த்தரப்பு கேட்கலாம், உங்களையே சாட்சியாக அழைக்கலாம். நோட்டில் தேதி, யாரைப் பார்த்தீர்கள், என்ன சேவை கிடைத்தது, அடுத்து என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். சம்பவத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். குழந்தை தானாகச் சொல்லத் தொடங்கினால் வாயை அடைக்காதீர்கள், கேளுங்கள், ஆனால் தூண்டித் துருவாதீர்கள்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்கவும் கூடாது. ரகசியம் காப்பது உங்கள் கடமைதான். ஆனால் குழந்தை வேறு ஒரு புதிய குற்றத்தைச் சொன்னால், இன்னொரு ஆளைப் பற்றியோ தங்கச்சியைப் பற்றியோ சொன்னால், சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். முதல் நாளே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றதை வீட்டிலயோ ஸ்கூல்லயோ பேச மாட்டேன். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, யாருகிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” பிள்ளைகள் இதை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று தோன்றினால் குழந்தையும் பெற்றோரும் குழுவிடம் சொல்லி உங்களை விலக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்காமலே எல்லாம் நடந்துபோன ஒரு பிள்ளையிடம், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உனக்கு இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்வது சின்ன விஷயம் கிடையாது.

போலீஸ், ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட்

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம். முடிந்தவரை பெண் அதிகாரி, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர், சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் வேலைப் பளு மிக அதிகம். அங்கே போய்ச் சட்டம் பேசிச் சண்டை போடுவதைவிட, “மேடம், பிள்ளை காலையிலிருந்து சாப்பிடலை, வீட்டுக்கு வந்து எழுதிக்கிறீங்களா” என்று கேட்டால் காரியம் நடக்கும். நடக்காவிட்டால் குழுவுக்கு எழுத்தில் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் நேரம் முக்கியம். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் கிட்டத்தட்ட அதே அவசரம்தான். எஃப்.ஐ.ஆர் கொண்டுவா, போலீஸ் மெமோ கொண்டுவா என்று அவசர சிகிச்சையை நிறுத்தி வைக்க முடியாது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சிகிச்சை இலவசம். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையைச் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு முன் குழந்தையிடம் என்ன செய்யப்போகிறார்கள் என்று எளிய வார்த்தையில் சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் நாம் கேட்டால் சொல்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். 24 வாரம் வரை கலைக்க சட்டம் அனுமதிக்கிறது, அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருக்கும்.

மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை இன்றைக்கும் எல்லாரும் “164 ஸ்டேட்மென்ட்” என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ் என்ற புதிய நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது, அதில் இது பிரிவு 183. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் இருக்க மாட்டார் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தையின் பயத்தில் பாதி அதுதான்.

இடைப்பட்ட நீண்ட காலம்

முதல் இரண்டு வாரம் எல்லாரும் ஓடுவார்கள். அப்புறம் போன் வராது. சார்ஜ் ஷீட் போட்டாயிற்றா, ஆள் உள்ளே இருக்கிறானா வெளியே வந்துவிட்டானா, கேஸ் எந்த கோர்ட்டில் இருக்கிறது என்று எதுவும் தெரியாமல் குடும்பம் உட்கார்ந்திருக்கும். ஆதரவு நபரின் உண்மையான வேலை இந்தக் காலத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். கைது, ஜாமீன், குற்றப்பத்திரிகை, விசாரணைத் தேதி, தீர்ப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. அந்தத் தகவலைத் தேடிப் பிடித்து குழந்தைக்குப் புரியும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது நீங்கள். விவரம் ஒன்றுமே இல்லை என்றாலும் போன் பண்ணி, “இந்த மாசம் ஒண்ணும் நடக்கலை, அடுத்த வாய்தா இன்ன தேதி” என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் போன் பண்ணுங்கள்.

ஜாமீன்தான் குடும்பத்தை அதிகம் உலுக்கும். ஆள் பக்கத்துத் தெருக்காரனாகவோ சொந்தக்காரனாகவோ இருப்பதுதான் வழக்கம். ஒரு நாள் காலையில் டீக்கடையில் அவன் நிற்பதைப் பார்த்து அம்மா உங்களுக்கு அழுதுகொண்டே போன் பண்ணுவார். அந்த நிலை வராமல் தடுக்க, ஜாமீன் மனு போட்டதுமே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடு தொடர்பில் இருங்கள். 16 வயதுக்குட்பட்ட சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரரோ அவர் சார்பில் ஒருவரோ இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற வழக்கிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்கும் உரிமை உண்டு. மிரட்டல் இருந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை என்று எழுதி, போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் கொடுக்க உதவுங்கள்.

பள்ளிக்கூடத்தை மறக்காதீர்கள். பிள்ளை பள்ளிக்குத் திரும்பப் போகிறதா என்பது நான் முதலில் பார்க்கும் அறிகுறி. தலைமை ஆசிரியரிடம் பேசும்போது என்ன வழக்கு என்று சொல்ல வேண்டியதில்லை, குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். தேவைப்பட்டால் குழு மூலம் வேறு பள்ளியில் சேர்க்கலாம், விடுதி கேட்கலாம். இதையெல்லாம் மாதாந்திர அறிக்கையில் எழுதி வழக்கு முடியும்வரை குழுவுக்குக் கொடுக்க வேண்டும். “குழந்தை நலமாக உள்ளது” என்று ஒரு வரி எழுதிக் கொடுக்காதீர்கள். தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, தனியாகக் கடைக்குப் போகிறதா, வீட்டில் யார் அதனிடம் பேசுவதில்லை என்று எழுதுங்கள். கவுன்சலிங்குக்கு ஆள் வேண்டும் என்று கேட்க அந்த வரிகள்தான் ஆதாரம்.

காதல் வழக்குகளும் உங்களிடம் வரும். 17 வயதுப் பெண் தனக்குப் பிடித்த பையனோடு போயிருப்பாள், பெற்றோர் புகார் கொடுத்திருப்பார்கள், அவளைப் பொறுத்தவரை போலீஸும் நீங்களும்தான் எதிரி. சட்டத்தில் 18-க்குக் கீழே சம்மதம் செல்லாது. இப்படிப்பட்ட வழக்குகள் இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கவலையோடு சொன்னது, ஆனாலும் சட்டம் மாறவில்லை. அவளிடம் நீ பாதிக்கப்பட்டவள் என்று வாதாடாதீர்கள். அவள் காப்பகத்தில் இருந்தால் தேர்வு எழுத முடிகிறதா, யாரைப் பார்க்க விரும்புகிறாள், வீட்டுக்குப் போனால் அடி விழுமா, அவசரக் கல்யாணம் பண்ணிவைப்பார்களா என்று பாருங்கள்.

பணம்

மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாப்பாடு, துணி, பஸ் செலவு மாதிரி உடனடித் தேவைக்கு குழந்தைகள் நலக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிடலாம். கடைசியாக, தீர்ப்பின்போது இறுதி இழப்பீடு. ஆள் விடுதலையானாலும், யார் என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். இது பல வக்கீல்களே குடும்பத்திடம் சொல்லாத விஷயம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். மனு எழுத மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள், 15100 அவர்களுடைய உதவி எண். குழந்தை பெயரில் வங்கிக் கணக்கையும் ஆதாரையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள், உத்தரவு வந்த பிறகு தேடி ஓடாதீர்கள்.

கோர்ட்

சம்மன் வருவதற்குப் பல நாள் முன்பே தொடங்குங்கள். நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்தில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், ஒரு வருஷத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் தள்ளித் தள்ளிப் போகும். போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு வாய்தாவும் குழந்தைக்கு ஒரு பள்ளி நாள், அப்பாவுக்கு ஒரு நாள் கூலி. அதனால் முந்தின நாள் மாலை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், நாளைக்கு நீதிபதி இருக்கிறாரா, வக்கீல்கள் புறக்கணிப்பு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

கோர்ட் வேறு ஏதோ வழக்கு நடத்தாத நேரமாகப் பார்த்து, அனுமதி வாங்கி, பிள்ளையை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், டைப் அடிக்கிறவர் எங்கே, தான் எங்கே உட்காரும், பாத்ரூம் எந்தப் பக்கம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முக்கியக் கேள்வி பாத்ரூம்தான், “பேசிட்டிருக்கும்போது வந்தா என்ன பண்றது” என்று மெல்லக் கேட்கும். கையைத் தூக்கி நீதிபதியிடம் சொல்லலாம், அவர் நிறுத்துவார் என்று சொல்லுங்கள். இடைவேளை கொடுக்க வேண்டும் என்று 33-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் குழந்தையைக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேள்வி வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் கண்ணில் குழந்தை படாதபடி திரையோ வீடியோ வசதியோ செய்ய வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நீங்கள் அருகில் இருக்க நீதிபதியிடம் முன்கூட்டியே மனு போட்டு அனுமதி வாங்குங்கள்.

பிள்ளையைத் தயார் செய்வது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. சாட்சியத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் “சப்போர்ட் பெர்சன் சொல்லிக்கொடுத்தார்” என்று குறுக்கு விசாரணையில் வரும், வழக்கு ஆட்டம் காணும். நீங்கள் சொல்லலாம்: புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்று சொல். ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால் உன் பதில் தப்பு என்று அர்த்தம் இல்லை. பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவதெல்லாம் அரசு வழக்கறிஞரின் வேலை, அந்த நேரம் அறையை விட்டு வெளியே வந்துவிடுவதே பாதுகாப்பு. உள்ளே சாட்சியம் நடக்கும்போது தலையாட்டுவது, கண்ணைக் காட்டுவது, கையைப் பிடித்து அழுத்துவது எதுவும் வேண்டாம்.

காத்திருக்கும் இடம் பெரிய தலைவலி. வராந்தாவில் எதிராளியின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நின்று முறைப்பார்கள். தனி அறை இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் சட்டப்பணிகள் அலுவலகத்தில் உட்காரவைக்க முடியுமா என்று பாருங்கள். பிஸ்கட், தண்ணீர், கலர் பென்சில், மாற்றுத் துணி ஒரு செட், போன் சார்ஜர். மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் அதுவும்.

சமரசம் பேச வரும்போது

கண்டிப்பாக வரும். ஊர்ப் பெரியவர், மாமா, சில நேரம் குழந்தையின் பாட்டியே வந்து, “பொம்பளப் பிள்ளை பேரு கெட்டுப்போகும், அவங்க ஒரு தொகை தர்றாங்க” என்பார்கள். வீட்டுக்குச் சோறு போடுகிற ஆள்தான் குற்றவாளி என்றால் இது வெறும் பேராசையும் கிடையாது, அடுத்த மாத வாடகைக் கவலை. அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். போக்சோ வழக்கைப் பேசி முடிக்க முடியாது, ஒரு ஆசிரியர் மீதான வழக்கைக் குடும்பத்தோடு சமரசம் ஆனதாகச் சொல்லி ரத்து செய்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்று விளக்குங்கள். அதோடு நிற்காமல் வாடகைக்கு வழி தேடுங்கள். இடைக்கால இழப்பீடு, அரசின் நிதி ஆதரவுத் திட்டம், அம்மாவுக்கு ஒரு வேலை என்று எதுவாக இருந்தாலும். பிறழ் சாட்சி ஆன பல குடும்பங்களுக்குப் பின்னால் அந்தப் பணம் நேரத்துக்கு வராத கதை இருக்கிறது.

அப்படியும் குழந்தை கூண்டில் மாற்றிச் சொல்லிவிட்டால் நீங்கள் கோபப்பட உரிமை இல்லை. அன்றைக்கும் பஸ் ஏற்றி வீடு சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் போன் பண்ணுங்கள்.

தீர்ப்பும் அதற்குப் பிறகும்

தீர்ப்பு நாளில் குழந்தை வரத் தேவையில்லை. ஆனால் தீர்ப்பை அது டி.வி.யிலோ பக்கத்து வீட்டிலோ கேட்கக் கூடாது, அன்றைக்கே நீங்கள் நேரில் சொல்லுங்கள். விடுதலை என்றால், கோர்ட்டுக்கு ஆதாரம் போதவில்லை, அதற்கு நீ பொய் சொன்னாய் என்று அர்த்தம் இல்லை என்று முதல் மூச்சிலேயே சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம், அதற்குக் கால வரம்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தீர்ப்பு நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். தண்டனை என்றால் அவன் மேல்முறையீடு செய்வான், தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்பான், மறுபடி வெளியே வரலாம் என்பதையும் மறைக்காதீர்கள்.

உங்கள் நியமனம் விசாரணையோடு முடிகிறது. திடீரென்று காணாமல் போகாதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே சொல்லி வாருங்கள். மேல்முறையீட்டு வக்கீலின் எண், சட்டப்பணிகள் அலுவலகம், கவுன்சலர், குழந்தைகள் உதவி எண் 1098, இழப்பீட்டு உத்தரவின் நகல் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு அம்மாவிடமும், வளர்ந்த பிள்ளை என்றால் அதனிடமும் கொடுங்கள். இழப்பீடு இன்னும் கணக்கில் ஏறவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அதைத் தனியாக எழுதி, யார் பின்தொடர வேண்டும் என்று குழுவிடம் உத்தரவு கேளுங்கள்.